சங்கக் கூட்டத்துக்குப் போங்கப்பா



2021 டிசம்பர் 27 நினைவிருக்கிறதா? திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து எல்லோரும் முன்கூட்டியே வெளியேறியதால் ஓர் உயிரும் போகவில்லை.

வாரியக் குடியிருப்புகளுக்கு இப்போது ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் இருக்கிறது. நலச்சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்குச் சமமாக அரசும் தரும். அதை எதற்குச் செலவழிப்பது என்று கூட்டத்தில்தானே பேச முடியும்? எங்கள் சங்கத்தில் எப்போதும் அதே பத்துப் பேர். அதிலும் பாதி டீக்காக! வாட்ஸ்அப்பில் மட்டும் நூறு புகார்.

உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்வது ராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லா மாடிக்கும் உண்டு. மொட்டைமாடியை ஒருதரம் பார்த்துவிட்டு இந்த மாதக் கூட்டத்துக்குப் போங்கள். கணக்கு நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன்.