ஒரே ஒரு படம் காணாமப் போச்சு

ஹெலிகாப்டர்ல இன்ஜின் நின்னா கல்லு மாதிரி விழுந்துடும்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்லையாம். பைலட் இடது கைப்பக்கம் இருக்கற கலெக்டிவ் லீவரை உடனே கீழ இறக்கிட்டா, கீழேருந்து வர்ற காத்தே மேல இருக்கற விசிறியைச் சுத்த வைக்கும். தரைக்குக் கிட்ட வந்ததும் மூக்கைத் தூக்கி, வேகத்தைக் குறைச்சு இறக்கிடலாம். ஆனா அந்த 'உடனே'ங்கறது ஒண்ணு ரெண்டு செகண்ட்தான்.

சரி, பைலட்டுக்கும் லீவருக்கும் நடுவுல கோடிக்கணக்கான கிலோமீட்டர் இருந்தா?

2021 மே 22. செவ்வாய் கிரகத்துல நாசாவோட இஞ்ஜெனுவிட்டி ஆறாவது தடவையா பறக்குது. எடை 1.8 கிலோ. தலைமை பைலட் ஹாவர்ட் கிரிப் இருக்கறது பூமியில. சிக்னல் போய்ச் சேரவே கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். அதனால எங்க போகணும், எங்க திரும்பணும்னு முன்னாடியே எழுதி அனுப்பிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். (நம்ம டிப்ளாய்மெண்ட் நைட் மாதிரியே!)

10 மீட்டர் உயரத்துல 150 மீட்டர் போற முதல் கட்டம். அது முடியப் போற நேரம், கிளம்பி 54-வது செகண்ட்ல பிரச்சினை. இன்ஜினும் இல்ல, விசிறியும் இல்ல. கேமரா எடுத்த ஒரே ஒரு படம் வழியில காணாமப் போச்சு.

ஒரு படம் போனா என்னங்கறீங்களா? தான் எப்படி அசையுதுன்னு ஹெலிகாப்டர் செகண்டுக்கு 500 தடவை சென்சார்ல அளக்குது. அதுல சின்னச் சின்னப் பிழை சேர்ந்துகிட்டே போகும். அதைத் திருத்தத்தான் செகண்டுக்கு 30 படம். ஒவ்வொரு படத்துலயும் எடுத்த நேரம் இருக்கும். ஒண்ணு விட்டுப் போனதும், அதுக்கப்புறம் வந்த எல்லாப் படத்துலயும் நேரம் தப்பாயிடுச்சு. இல்லாத தப்பைத் திருத்தறேன்னு ஹெலிகாப்டர் முன்னும் பின்னுமா ஆட ஆரம்பிச்சுது. 20 டிகிரிக்கு மேல சாய்ஞ்சிருக்கு, கரண்ட்டையும் திடீர் திடீர்னு இழுத்திருக்கு. அப்படி ஆடிக்கிட்டே மிச்ச தூரத்தையும் போய், இறங்க வேண்டிய இடத்துலேருந்து சுமார் 5 மீட்டருக்குள்ள பத்திரமா இறங்கிடுச்சு.

எப்படி? ரெண்டு காரணம். நேரக் கணக்குல நல்லாவே தப்பு வந்தாலும் கவிழாத மாதிரி கண்ட்ரோலை எழுதியிருந்தாங்க. அப்புறம், இறங்கற கடைசிக் கட்டத்துல கேமராவை நம்பவே கூடாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தாங்க. படத்தை விட்டதும் ஆட்டம் நின்னுடுச்சு. கிரிப் தன்னோட லீவரை என்னிக்கோ இறக்கி வெச்சுட்டார்.

இதைப் படிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. போன வருஷம் நான் எழுதின ஒரு புரோகிராம்ல இதே கதைதான். ஃபைல்ல ஒரு வரி விட்டுப் போய், அதுக்குக் கீழ இருந்த அத்தனை பேருக்கும் அடுத்தவங்க தொகை பில்லா போச்சு. காலைல ஆறு மணிக்கு ஃபோன். வரி எண்ணிக்கையைச் சரிபார்க்கற செக் இல்லாம இல்ல. "ரெண்டு நிமிஷம் வீணா ஓடுது"ன்னு ஐயாதான் அதை கமெண்ட் பண்ணி வெச்சிருந்தேன். இது எங்க டீம்ல யாருக்கும் தெரியாது. டேட்டா சரியில்லைன்னு சொல்லித் தப்பிச்சேன் :-(

நேத்து ராத்திரி அந்த கமெண்ட்டை எடுத்துட்டேன். இப்ப ரெண்டு நிமிஷம் அதிகமா ஓடுது. ஏன்னு லீட் இன்னும் கேக்கலை. கேட்டா முழுசையும் சொல்லிடணும்.