இணக்கசபை ஸேர்மாரைக் கொஞ்சம் விடுங்க



ஊரில் இணக்கசபை என்கிறோமே, மத்தியஸ்த சபை, அதில் பல வருடமாக இருக்கும் ஓய்வுபெற்ற ஸேர் ஒருவர் அடுத்த தவணைக்கு வேண்டாம் என்கிறார். எனக்கு ஆச்சரியமில்லை. சம்பளத்துக்கு இருப்பவர்களல்ல அவர்கள். லீவு நாளில் வருகிறார்கள்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு பிணக்கை மூவர் கேட்பார்கள். இரு தரப்பும் ஆளுக்கொருவரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். ஒரு தரப்பு வராவிட்டால் பேச்சே இல்லை. இன்னொரு திகதி, இன்னொரு கடிதம்.

அதைவிடக் கொடுமை இரவு போன். இஷா முடிந்து வீட்டுக்குப் போனால் வாசலில் ஒருத்தர், வட்ஸ்அப்பில் பத்து நிமிட வொய்ஸ். "ஸேர், நீங்க நம்மட ஆள்தானே." இதைக் கேள்விப்பட்டால் மற்றத் தரப்பு அவரை எப்படி நம்பும்? தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் அவருக்கில்லை. இருவரும் இணங்கினால்தான் தீர்வு.

திகதிக்குப் போங்க. உறுதி, ரசீது, கடன் கொப்பி எல்லாம் முதல் நாளே கொண்டு போங்க. வேலி ஒரு முழம் தள்ளிப்போன கதையைப் பள்ளிவாசல் முன்றலில் பேசி முடிக்கலாமென்றால் அங்கேயே முடியுங்க.

இளம் ஆசிரியர்களே, விண்ணப்பம் கோரினால் போடுங்க, பயிற்சி தருவார்கள். நானும் போடப்போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.