டிரைவரும் கண்டக்டரும்

ராத்திரி இரண்டரை மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்தில் விழித்துக்கொண்டேன். கையில் கட்டியிருந்த வாட்ச் 138 என்று காட்டியது. படுத்துக் கிடக்கிற ஆளுக்கு 138. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், மூச்சு பாதியிலேயே நின்றுவிடுகிற மாதிரி இருந்தது. எட்டு மாதம் முன்புதான் அப்பாவுக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருந்தோம். அதனால் எனக்கு என்ன நடக்கிறது என்பதில் சந்தேகமே வரவில்லை. காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், டெர்ம் இன்சூரன்ஸ் பேப்பர் எந்த மெயிலில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

ஈசிஜி நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல். டூட்டி டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல சார், இது பேனிக் அட்டாக்" என்றார். நிம்மதியைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

வெட்கம் போனதும் சந்தேகம் வந்தது. லாக் படிக்காமல் எந்தப் பிழையையும் நம்பாத தொழில் என்னுடையது. இதயம் பற்றி ராத்திரி ராத்திரியாகப் படித்தேன் (தூங்கியிருக்கலாம், அது வேறு விஷயம்). அப்படித்தான் ஜெரி மாரிஸிடம் போய்ச் சேர்ந்தேன்.

மாரிஸ் லண்டன் டாக்டர். மாரடைப்பு ஏன் இப்படிக் கூடிக்கொண்டே போகிறது என்று தேடியவர், லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. டிரைவர் நாள் பூராவும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் ஒரு நாளைக்குச் சுமார் 600 படி ஏறுவார். 1953ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் வயது தள்ளி வந்தது, அவ்வளவு கடுமையாகவும் இல்லை.

என் அப்பா டிரைவர். அரசு பஸ், முப்பத்தொரு வருஷம். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்து வண்டி, பக்கத்திலேயே கொதிக்கும் இன்ஜின். அவரோடு ரொம்ப நாள் ஒரே வண்டியில் ஓடியவர் எங்கள் கண்டக்டர் மாமா. டிக்கெட் கட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, தீபாவளிக் கூட்டத்திலும் முன் படிக்கும் பின் படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். எழுபது வயதில் இன்றைக்கும் சைக்கிளில்தான் ரேஷன் கடைக்குப் போகிறார். நான் கேஸை முடித்துவிட்டேன்: அப்பாவைச் சாய்த்தது அந்த சீட்டுதான். நானும் பதிமூன்று வருஷமாக அதே மாதிரி ஒரு சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் 1956ல் மாரிஸே அதில் ஓட்டை போட்டார். பஸ் ஊழியர்களுக்குக் கொடுக்கும் யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். இளம் வயது டிரைவர்களுக்கே கண்டக்டர்களைவிட இடுப்பு பெரிது. அப்படியென்றால் சீட்டு ஆளைக் கெடுத்ததா, முதலிலேயே வேறு உடல்வாகு உள்ள ஆட்கள்தான் அந்த சீட்டுக்குப் போனார்களா? தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டு, அதையும் பிரசுரித்த மனிதர்மேல் எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. பிறகு எல்லோருமே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் அரசு அலுவலர்களை எடுத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கடுமையாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார்.

அப்பா சிகரெட் பிடித்தவர். டபுள் டூட்டி பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்தவர். மாமாவுக்கு வெற்றிலைகூடக் கிடையாது. இரண்டு ஆளை வைத்து நான் எழுதிய தீர்ப்பு செல்லாது.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கூடவே, "ஓடவும் செய்ங்க, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து இல்ல" என்றார். முதல் நாள் ஓடியது முந்நூறு மீட்டர் இருக்கும். துடிப்பு 150க்குப் போனதும் அந்த இரண்டரை மணி அப்படியே திரும்பி வந்தது. அதே படபடப்பு, அதே வியர்வை, அதே மூச்சு. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் டாக்டரிடம் சொன்னேன். அதற்குத்தானே அனுப்பினேன் என்பதுபோல் சிரித்தார். பேனிக் வந்தவர்களைப் படியேற வைத்தும், நாற்காலியில் சுற்றவிட்டும், அதே உணர்வை வேண்டுமென்றே வரவழைக்கிற சிகிச்சையே இருக்கிறதாம். இதயம் வேகமாக அடிக்கும், ஆனால் ஒன்றும் ஆகாது. உடம்பு அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆபீஸ் பாஷையில் சொன்னால், என் அலாரத்தின் அளவைத் தப்பாக வைத்திருந்தேன்.

மூன்றாவது மாதத்தில் 160 அடிக்கும்போது என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எண்டார்பின், பரவசம் என்று நண்பர்கள் சொல்வதெல்லாம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ரத்தத்தில் ஊறும் எண்டார்பின் அவ்வளவு எளிதாக மூளைக்குள் போகாது என்றும் படித்தேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தூக்கம் வந்தது. நாற்பது நிமிஷம் யாரும் கூப்பிட முடியாது. அதற்கப்புறமும் இரண்டு முறை ராத்திரியில் அந்தப் படபடப்பு வந்தது, மாத்திரையும் இன்னும் ஓடுகிறது. ஆனால் அந்த இரண்டு முறையும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அப்பாவை வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். "முப்பத்தோரு வருசம் உழைச்ச ஒடம்புடா இது, இனிமே என்ன எக்சைஸு?" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். சோம்பல் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம். ஒருமுறை மதுரைக்குப் போயிருந்தபோது மாடிப்படி ஏறியவர் பாதியில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனேன். படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த ராத்திரியைப் பற்றி அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். மைய மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அப்படித்தான்டா. வேகமா அடிச்சா, இத்தோட போயிருவோமோன்னு இருக்கு."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களாப்பா?"

"இதப் போயி எப்பிடிடா கேக்குறது?"

மறுநாள் கேட்டோம். டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு முட்டினாலோ நிற்கவேண்டும், நடக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடினால் பயமில்லை என்றார்கள். இந்த ஒரு வரிக்காக அவர் பத்து மாதம் காத்திருந்திருக்கிறார்.

முதல் நாள் குளத்தின் ஒரு பக்கம் மட்டும். இப்போது முழுதாக இரண்டு சுற்று. கண்டக்டர் மாமாவும் சேர்ந்துகொண்டார். அவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். அப்பா மூச்சு வாங்க நின்றால், திரும்பிப் பார்க்காமலே "ஹோல்டான்" என்பார். ஒரு நிமிஷம் கழித்து "ரைட், போலாம்." போன மாதம் என் வாட்ச்சைக் கழற்றி அப்பா கையில் கட்டப் பார்த்தேன். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார்.

"அவன் விசில் குடுப்பான்டா, நீ நட."