வயிற்றில் இருக்கட்டும் தண்ணீர்

பாலைவனத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ‘நான் ஏன் சார் சஹாராவுக்குப் போகப்போறேன்?’ என்கிறீர்களா? அவ்வளவு தூரம் வேண்டாம். மே மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரகடம் சிப்காட் ஆறுவழிச் சாலையில் ஷேர் ஆட்டோவுக்காக அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

பாலை என்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் காய்ந்துபோனால் அதுதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். 2019 கோடையில் பக்கத்து செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்கள், மருதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கலிபோர்னியா பாலைவனத்தில் சிப்பாய்களை வைத்து ஆராய்ச்சி செய்தார். 1947-ல் புத்தகமாகவும் வந்தது. குறைவாகத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினால் உடம்பு தானாகப் பழகிவிடும் என்று ராணுவத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. பழகாது என்று நிரூபித்தார் மனிதர். வெயிலில் நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர்கூட வியர்வையாகப் போய்விடும். சட்டையைக் கழற்றினால் இன்னும் அதிகம். தாகமோ லேட்டாகத்தான் வரும். ஆகவே பாட்டிலில் மிச்சம் பிடிக்காதீர்கள், குடித்துவிடுங்கள். மிச்சம் பிடிக்கவேண்டியது வியர்வையை. நிழலில் உட்காருங்கள், வெயில் தாழ்ந்ததும் நடங்கள். பி.காம். பாஷையில் சொன்னால், உடம்பு ஒரு கரண்ட் அக்கவுண்ட். ஃபிக்ஸட் டெபாசிட்டெல்லாம் அங்கே செல்லாது.

சரி, தண்ணீரே இல்லை என்றால்? வறண்ட ஆறு வளைகிற இடத்தில், வெளிப்பக்கக் கரையோரம் தோண்டச் சொல்கிறார்கள். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரகடத்திலிருந்து நேரே வாலாஜாபாத் போனால் பாலாறு. மேலே வெறும் மணல், கீழே ஊற்று. ஆனால் கொஞ்ச ஆழத்தில் ஈரம் தட்டவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். கிடைக்கப்போகிற தண்ணீரைவிடத் தோண்டுகிற வியர்வை அதிகமாகிவிடும்.

யாராவது வெயிலில் உளற ஆரம்பித்தால், தள்ளாடினால், அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-க்கு போன் போடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், புரையேறிவிடும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல விஷயம்தான். ஆனால், அடால்ஃபின் சிப்பாய்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நம் ஊரில் உண்டு. ரோடு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வருகிற பெண்கள் பலர், பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தும் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் இல்லை. சாயங்காலம் வரைக்கும் ஒதுங்க இடம் இல்லை.

உங்கள் தெருவில் கேபிளுக்குப் பள்ளம் தோண்ட ஆட்கள் வந்தால் ஒரு சொம்பு மோர் கொடுப்பீர்கள், தெரியும். கூடவே, ‘பாத்ரூம் இந்தப் பக்கம் இருக்கும்மா’ என்றும் சொல்லிடுங்க.