பத்தாயிரத்தில் ஒன்று என்பது சின்ன எண்ணா?

இன்று கொஞ்சம் கணக்கு. பொறுமையாகப் படியுங்கள்.

2009 பிப்ரவரி 10. சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் மோதின. ஒன்று, வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்க இரிடியம் 33. மற்றது, செயலிழந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251. மோதிய வேகம் நொடிக்குச் சுமார் 11.7 கி.மீ. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 2000-க்கு மேற்பட்ட துண்டுகள் சிதறின.

அன்று பொதுவெளியில் இருந்த கணிப்பு என்ன தெரியுமா? இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் கடந்துபோகும் என்பது! அன்றைய பட்டியலில் இதைவிட நெருக்கமானவை வேறு இருந்தன.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் தரையிலிருந்து அளந்ததை வைத்துச் சில நாட்கள் முன்கூட்டிச் சொல்லும்போது, இடம் ஒரு கிலோமீட்டர் வரைகூட முன்பின் ஆகலாம். அப்படியிருக்க 584 மீட்டர் என்ற விடையை மட்டும் நம்பி என்ன பயன்? "விடையோடு பிழை வரம்பையும் எழுதுங்கடா" என்று வகுப்பில் நான் தொண்டை வறளக் கத்தியது இதற்காகத்தான்.

அதனால்தான் தூரத்தோடு நிகழ்தகவையும் பார்க்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மோதல் வாய்ப்பு 10,000-இல் 1-ஐத் தாண்டினால் பொதுவாக அதை நகர்த்திவிடுவார்கள்.

இதைச் சொன்னதும் என் பேத்தி கேட்டாள்: "பத்தாயிரத்துல ஒண்ணுதானே தாத்தா, அதுக்குப் போய் எரிபொருளைச் செலவழிக்கணுமா?"

நல்ல கேள்வி. ஒரு தடவை தப்பிக்கும் வாய்ப்பு 0.9999. அதே அளவு ஆபத்து 10,000 தடவை வந்தால்? 0.9999-ஐ அத்தனை முறை பெருக்குங்கள். சுமார் 0.37 வரும். அதாவது, ஒரு மோதலாவது நடக்கும் வாய்ப்பு 63 சதவீதம். கால்குலேட்டரில் தானே போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டாள்.

விண்வெளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு மோதலில் பிறக்கும் துண்டுகள் அடுத்த மோதலின் வாய்ப்பைக் கூட்டும். 1978-லேயே நாசாவின் டொனால்ட் கெஸ்லர் இதை எச்சரித்தார். அந்த உயரத்தில் சிதறியவை கீழே வந்து எரிய பல பத்தாண்டுகள் ஆகும். வானிலையையும் வயலையும் கடலையும் பார்க்கும் செயற்கைக்கோள்கள் பல சுற்றுவதும் ஏறத்தாழ அதே உயரங்களில்தான்.

உயிருள்ள செயற்கைக்கோள் விலகிப் போகும். செத்தது விலகாது. ஆயுள் முடிந்ததும் கீழே இறக்கிவிடுவதுதான் அனுப்பியவர்களின் கடமை.

பாடம் நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "எத்தனை தடவை?" என்றும் பிள்ளைகளைக் கேட்க வையுங்கள்.