மண்ணுள் நிற்கும் நீர்

பொறியியல் மாணவராய் நாம் இருந்த நாட்களில் டெர்சாகி என்ற பெயர் எமக்கு ஒரு சமன்பாடாகவே அறிமுகமாயிற்று. பரீட்சைக்கு முதல் நாள் மனனஞ்செய்து, மறுநாள் விடைத்தாளில் இறக்கிவைத்தோம். அப்பெயருக்குப் பின்னால் ஒரு மனிதன் வாழ்ந்தான் என்பதை விரிவுரையாளராகி நெடுநாட் சென்ற பின்னரே விசாரித்தறிந்தோம்.

1883இல் பிராக் நகரிற் பிறந்த கார்ல் டெர்சாகி, கிராஸ் நகரிலே பயின்றது இயந்திரப் பொறியியல். அணைகளும் அத்திவாரங்களும் ஏன் சரிகின்றன என்பதற்கு அக்காலத்தில் ஒழுங்கான விடை எவரிடமும் இருக்கவில்லை. விடை தேடி 1912இல் அமெரிக்கா சென்று ஏறக்குறைய ஈராண்டு அலைந்தும் அவர் ஏமாற்றத்துடனேயே திரும்பினார். 1916இல் இஸ்தான்புலுக்கு ஆசிரியராகப் போனார். முதலாம் உலகப் போர் முடிந்தபின் அங்கிருந்த ரொபேர்ட் கல்லூரியிலே, கையிலகப்பட்ட எளிய பொருள்களாற் தாமே கருவி அமைத்துக் களிமண்ணை அமுக்கிப் பார்த்தார். ஆய்வுகூட வசதியில்லை என்று கைகட்டியிருப்போர்க்கு இதனைச் சொல்லலாம். நாமும் அவ்வாறு இருந்தவரே.

அவர் கண்டது இதுதான். நிலத்தின்மேல் ஏறும் பாரம் முழுவதையும் மண்மணிகள் தாங்குவதில்லை. இடைவெளிகளில் நிறைந்த நீரும் ஒரு பங்கைத் தாங்குகிறது. எஞ்சிய பங்கே மணிகளை ஒன்றோடொன்று நெருக்கி மண்ணுக்கு உறுதி தருவது. அதனையே பயன்படு தகைப்பு என்கிறோம். நீரின் அமுக்கம் ஏறினால் அவ்வுறுதி இறங்கும். 1925இல் ஜெர்மன் மொழியிலே நூல் வெளிவந்தது. அவ்வாண்டே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் அவரை அழைத்தது. 1929இல் வியன்னாவிலே பேராசிரியரானார்.

வியன்னாவில் நிகழ்ந்ததைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அதே தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் போல் பில்லுங்கர், 1936இல் டெர்சாகியின் கொள்கையைக் கடுமையாகத் தாக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். விசாரணைக் குழு டெர்சாகியின் பக்கம் நின்றது. 1937 மார்ச்சிலே பில்லுங்கரும் மனைவியும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். நுண்டுளைப் பொருள்களில் நீரின் செயலை ஆழ்ந்து சிந்தித்தவர் பில்லுங்கரும் என்பதைப் பிற்கால ஆய்வாளர் ஒப்புகின்றனர். அறிஞர் சண்டையில் மண்ணே மறக்கப்படுகிறது. ஒஸ்திரியாவை நாஜிகள் விழுங்கிய 1938இல் டெர்சாகி மீண்டும் அமெரிக்கா சென்றார். ஹார்வட்டிலே கற்பித்தார், ஆயினும் 1963இல் இறக்கும்வரை களத்தைக் காணாத கணிதத்தை அவர் நம்பியதில்லை.

நாம் நம்பினோம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பெருமழைக்குப்பின், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்திலே மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. சில வாரங்களின்பின் மண் மாதிரி எடுக்க அங்கு சென்றோம். மழைநீர் இறங்கி, நுண்டுளை அமுக்கம் ஏறி, மண் உறுதியிழந்த கதை கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியதோ, அதுவேதான். அங்கே ஆபத்துண்டென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்ததே. விஞ்ஞானம் தன் பங்கைச் செய்துவிட்டது என்று சொல்லி ஆறுதலடைந்திருக்கலாம்.

சரிவின் ஓரத்தில் நின்ற முதியவள் ஒருத்தி, நாம் குழாயை மண்ணில் இறக்குவதை நெடுநேரம் பார்த்திருந்தாள்.

“என்னாங்க ஐயா தேடுறீங்க?”

மழையினால் மலை ஏன் சரிந்தது என்று அறியவே என்றோம்.

“மழ பேஞ்சா மலை எறங்கும்னு எங்களுக்குந் தெரியுங்க. போகச் சொன்னாங்கதான். தோட்டத்து லயத்த விட்டா நாங்க போறதுக்கு எடம் எங்கங்க இருக்கு?”

தலைமுறைகளாகத் தேயிலை நட்ட மண்ணிலே ஒரு முழமும் தமதென்றில்லாதோரின் கேள்வி அது. எமது குறிப்பேட்டில் அதனை எழுத ஒரு நிரல் இருக்கவில்லை. மாதிரி எடுத்து முடியக் குழாயின் இரு வாயையும் மெழுகினால் அடைத்துத் திகதி எழுதினோம். அவள் இன்னும் அங்கேதான் நின்றாள்.