பனி காணாத் தீவில் பனி

தமிழில் ‘பனி’ என்னும் சொல் பரந்த பொருளுடையது. புல்லின் நுனியில் நிற்கும் துளியும் பனியே. விடியற்பொழுதில் வயலை மூடும் புகாரும் பனியே. இமயத்தின் முடியில் உறைந்து கிடப்பதும் பனியே. தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் முன்பனியும் பின்பனியும் இரண்டு. ஆயினும் அப்பொழுதுகளுக்குரிய பனி, கையால் அள்ளவும் காலால் மிதிக்கவும் கூடிய பனி அன்று. மார்கழியும் தையும் முன்பனிக் காலம். கிறித்து பிறப்பு விழாவும் அம்மார்கழியிலேயே வருகின்றது. அந்நாளில், உறைகுளிரை ஒருபோதும் அறியாத புங்குடுதீவு போன்ற தீவுகளிலும் வெண்பனி பொழிகின்றது. வானத்திலிருந்தன்று, பாலன் குடில் கட்டுவோரின் கைகளிலிருந்து.

குடில் கட்டும் வழக்கம் 1223ஆம் ஆண்டில், இத்தாலியிலுள்ள கிரேச்சியோ என்னும் ஊரில், அசிசி நகர்ப் பிரான்சிஸ் முனிவர் அமைத்த பிறப்புக் காட்சியோடு பரவலாயிற்று என்பர். யாழ்ப்பாணத் தீவகத்திற் போர்த்துக்கேயர் காலந்தொட்டு வேரூன்றிய கத்தோலிக்கம் இவ்வழக்கத்தையும் ஏற்றுப் போற்றிற்று. ஊர்காவற்றுறை அச்சமயத்தின் முக்கிய நிலையம். சைவர் பெரும்பான்மையினராக வாழும் புங்குடுதீவிலும் தேவாலயங்கள் உண்டு. ஆனால் லூக்கா எழுதிய நற்செய்தியில் இடையர் இரவில் வெளியிலே மந்தை காத்தனர் என்னும் செய்தி இருக்கின்றதேயன்றிப் பனி பெய்ததென்ற செய்தி இல்லை. பெத்லகேம் மலைப்பாங்கான ஊராதலின் அங்கு எப்போதாவது பனி விழுவதுண்டு. எனினும் குடிலின் பனி பெத்லகேமிலிருந்து வந்ததன்று. ஐரோப்பிய வாழ்த்து அட்டைகளிலிருந்து வந்தது. அட்டையிற் கண்டதைத் தீவு மக்கள் தம் கைக்கெட்டிய பொருள்களாற் செய்து பார்த்தனர்.

பாறைக்குச் சீமெந்துப் பைத்தாள் உதவிற்று. அதைக் கசக்கி, பசை தடவி, கரியும் நிறமும் பூசினால் மலை எழும். புல்லுக்குச் சிரட்டையில் முளைக்கவிட்ட தானியம் உதவிற்று. பனிக்கு என் செய்வது? முதலிற் கைக்கு வந்தது பஞ்சு. அது வெண்மையானது, மலிவானது. ஆயினும் பஞ்சின் இழைகள் மயிர்போல் எழுந்து நிற்கும். சில நாட்களில் தூசியை வாங்கிப் பழுப்பேறும். மெழுகுதிரியின் அருகில் ஆபத்தும் ஆகும். கோதுமை மாவைத் தூவினால் எறும்பு வரும். உப்பைத் தூவினால் அது மின்னும். ஆனால் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கடந்ததும் உப்பு நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். மார்கழியிலோ வாடைக்காற்றோடு மழையும் வரும், நாற்புறமும் கடல். இந்நிலையில் உப்புப் பனி உண்மைப் பனியைப் போலவே உருகி ஓடிவிடுகின்றது. பிற்காலத்தில் ரெஜிபோம் வந்தது. அதைச் சுரண்டிய துகள் உருகாது, பழுக்காது. விசிறியொன்று சுழன்றால் வீடெங்கும் பறக்கும்.

மேலை நாடுகளிலும் இத்தொல்லை இருந்தது. 1930களிலும் 1940களிலும் கல்நார் என்னும் அஸ்பெஸ்ரஸ் துகளையே அலங்காரப் பனியாக விற்றார்கள். 1939இல் வெளிவந்த ‘விசர்ட் ஒஃப் ஓஸ்’ திரைப்படத்திற் பொழிந்த பனியும் அதுவே என்பர். அத்துகள் நுரையீரலைக் கெடுப்பது பின்னரே பலருக்கும் தெளிவாயிற்று. வெண்மை ஒன்றையே நாடியதன் விளைவு இது.

உண்மையில், பனி பனியாகத் தோன்றுவதற்கு வெண்மை மட்டும் போதாது. முதலாவது, அளவு. ஒரு மனிதனை ஐந்து சென்ரிமீற்றர் உயரமுள்ள பொம்மையாகச் செய்தால், உலகம் ஏறத்தாழ முப்பத்து நான்கு மடங்கு சுருங்குகின்றது. அப்பொம்மையின் காலடியில் 0.3 மில்லிமீற்றர் உப்புப் பரல், ஒரு சென்ரிமீற்றர்ப் பருமனுள்ள ஆலங்கட்டியாகவே தோன்றும். ஆகவே துகள் மாவினும் நுண்ணியதாதல் வேண்டும். இரண்டாவது, கிடக்கும் முறை. பனி மேலிருந்து விழுவது. ஆதலால் இறவாரத்தின் கீழும் மாட்டின் வயிற்றின் கீழும் அது இராது. காற்று வீசும் திசைக்கு மறைவான பக்கத்திற் குவியும். கூரிய விளிம்புகளை வளைத்து மழுக்கும். அடுப்பெரியும் வீட்டின் கூரையில் மெலியும். மூன்றாவது, நிறம். பனியின் நிழல் கருமையன்று, இளநீலம்.

இவற்றை உணர்ந்த மாதிரிக் கலைஞர்கள் முதலில் நிலத்தின் மேடுபள்ளங்களைச் சாந்தினால் அமைத்துக் கொள்கின்றனர். அதன்மேல் வெண்பசையை நீரிற் கரைத்துப் பூசி, நுண்ணிய துகளை மெல்லிய சீலையினூடாக உயரத்திலிருந்து சலிக்கின்றனர். ஒரு படை காய்ந்த பின்னரே மறுபடை இடுகின்றனர். அப்பச்சோடா மலிவான துகள்; ஆனால் பசையோடு சேர்ந்து ஆண்டுகள் செல்ல மஞ்சளிக்கும் குறையுடையது. கண்ணாடி நுண்குமிழ்கள் நிறம் மாறா. எனினும் அவற்றைச் சுவாசித்தல் ஆகாதாதலின் மூக்கை மூடிக்கொண்டே கையாளல் வேண்டும்.

காணாத ஒன்றைக் கண்டதுபோற் செய்தல் கூடுமா என்னும் வினா இங்கு எழுகின்றது. கூடும் என்பதற்கு யாழ்ப்பாண மண்ணிலேயே சான்று உண்டு. வடமராட்சியிலுள்ள மணற்காட்டில், பழைய தேவாலயமொன்று மணலிற் புதையுண்டு இடிபாடாய்க் கிடக்கின்றது. காற்று சுமந்து வந்த மணல் சுவரின் மறைவிற் குவியும் விதமும், வாயிலை வளைத்து மூடும் விதமும் பனி குவியும் விதத்தையே ஒத்தவை. சோளகக் காற்றில் வேலியோரம் மணல் ஒதுங்குவதைக் கூர்ந்து நோக்கிய தீவு மகன் ஒருவன், பனியைக் காணாமலே பனியின் ஒழுக்கத்தை அறிந்தவனாவான். அவனுக்குத் தடையாயிருந்தது பனி இன்மையன்று. வாழ்த்து அட்டையின் அழகே.

பின்னர் அத்தீவு மக்களே பனியிடம் சென்றனர். நெடுங்காலம் வணிகத்தின் பொருட்டுத் தென்னிலங்கை சென்று மீண்ட புங்குடுதீவார், 1983ஆம் ஆண்டின் வன்செயல்களாலும், 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்திற்குப் போர் வந்தமையாலும் நிலைகுலைந்தனர். பலர் சுவிற்சலாந்து, பிரான்சு, கனடா முதலிய நாடுகளிற் குடியேறினர். பஞ்சினாற் குடிலுக்குப் பனியிட்ட ஒருவர் சூரிச் நகரை அடைந்து, முதன்முதலாகப் பனியை மிதித்ததாகக் கொள்ளலாம். அவர் எதிர்பார்த்தது வெண்மையை, கண்டது வேறு. ஓசைகள் அடங்கிய தெரு. காலுறையை ஊடுருவும் ஈரம். வேலைக்குச் செல்லும் வழியில் உப்பிட்டு உருக்கிய சாம்பல்நிறச் சேறு. வாயிலிற் குவிந்ததை அள்ளி எறியும்போது நாரியிற் பிடிக்கும் வலி. பஞ்சுக்கு இவை எவையும் தெரியா. அவருடைய அடுத்த குடிலில் இறவாரத்தின் கீழ்ப் பனி இருந்திராது. வாயிலில் ஒரு சிறு மண்வெட்டி இருந்திருக்கும்.

கதை இத்துடன் முடிந்திருப்பின் அனுபவமே கலைக்கு ஆசான் என்று கூறி அமையலாம். ஆனால் பனியிலே பிறந்த அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று மறுகரையில் நிற்கின்றனர். பனியை அவர்கள் பிழையின்றிச் செய்வர். பாடசாலைக்காகப் பாட்டனின் ஊரை ஓர் அட்டையின்மேல் அமைக்கச் சொன்னால், பச்சைத்தாளிற் பனை எழும். நீலத்தாளிற் கடல் விரியும். நடுவில் ஓட்டுவீடும் கிணறும் நிற்கும். அவர்களுக்கு அவ்வூர் நிழற்படத்தில் வந்த ஊர். பாட்டனுக்குப் பனி வாழ்த்து அட்டையில் வந்ததுபோல. அழகிருக்கும், ஒழுக்கம் இராது.

பிழை பிள்ளைகளுடையதன்று. சொல்ல வேண்டியவர்கள் அழகை மட்டுமே சொல்லின் அழகு மட்டுமே எஞ்சும். அக்கிணற்று நீர் உவர்நீர் என்றும், நன்னீருக்காகக் குடம் சுமந்து நடந்தார்கள் என்றும் சொல்லப்பட வேண்டும். பனையோலை காய்ந்து தொங்கி, வாடையிற் சரசரக்கும் என்றும் சொல்லப்பட வேண்டும். ஆளில்லா வீடுகள் பல அத்தீவில் உள. கூரை சரிந்து, சுவரின் வெடிப்பில் ஆலங்கன்று வேர்விட்டு நிற்கும் வீடுகள். அவற்றின் பூட்டிய கதவின் அடியிற் காற்று கொண்டுவந்த மணல் ஒரு பக்கமாகவே ஒதுங்கியிருக்கும். அம்மணலை எப்பக்கத்தில் இடுவதென்று பேரப்பிள்ளை கேட்கும்போது, காற்றின் பெயர் தெரிந்த ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.